அண்ணன் கண்ணில் ஒரு வளையம்

கொழுப்பு என்ற சொல்லை அந்த வீட்டில் யார் சொன்னாலும் இப்போதெல்லாம் ஒருத்தர் சிரிப்பார், ஒருத்தர் முறைப்பார். சிரிப்பது அண்ணன். முறைப்பது அம்மா. இரண்டு பேருக்கும் நடுவில் ஆறு மாத வயிற்றோடு துருவி.

துருவி என்பது அண்ணன் வைத்த பெயர். பேச்சு வந்த நாளிலிருந்தே எதையும் துருவித் துருவிக் கேட்டுக்கொண்டிருந்ததால் ஒட்டிக்கொண்டது. கல்யாணம் ஆகி, கண்ணாடிக் கடையில் கண் பரிசோதகராகப் பெயர் வாங்கி, இப்போது தாயாகவும் போகிறாள். இன்னும் அவள் துருவிதான்.

இந்த வம்பையும் அந்தக் குணம்தான் இழுத்துவந்தது. கணவன் வேலை பார்க்கும் லிஃப்ட் கம்பெனியில் ஊழியர்களுக்கும் குடும்பத்துக்கும் உடல் பரிசோதனை வைத்திருந்தார்கள். சும்மா துணைக்குப் போனவள், "எனக்கும்தான் எடுங்களேன், என்ன வருதுன்னு பாப்போம்" என்று கையை நீட்டினாள். மற்றதெல்லாம் சரியாக இருந்தது. கொலஸ்ட்ரால் மட்டும் இருக்க வேண்டிய அளவைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது.

"அவளுக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு நான் சின்ன வயசிலேயே சொன்னேன். யாரும் கேக்கல. இப்போ லேப்ல உறுதி பண்ணிட்டாங்க" என்று அண்ணன் போனில் சிரித்தான்.

அம்மா சிரிக்கவில்லை. மகளின் பிரசவத்துக்காக மூட்டை முடிச்சோடு வந்து இறங்கியிருந்தவள், அன்றைக்கே அடுப்படி முழுவதையும் தன் அதிகாரத்துக்குள் கொண்டுவந்துவிட்டாள். எண்ணெய் பாட்டில் அலமாரியின் உச்சிக்குப் போனது. முட்டை வீட்டுக்குள் வருவது நின்றது. வெண்ணெயை அடுத்த வீட்டுக்காரிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

இன்று காலையும் தட்டில் வேகவைத்த காயும் காய்ந்த ரொட்டியும்தான்.

"அம்மா, இதுல உப்பாவது போட்டியா?"

"உப்பு இதயத்துக்கு ஆகாது."

"யார் சொன்னா?"

"எல்லாருந்தான் சொல்றாங்க."

கணவன் தன் தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். "அத்தை, ரத்தத்துல கொழுப்பு இருக்கறது அவளுக்கு. எனக்கு எதுக்குப் பத்தியம்?"

"ஒரே வீட்டுல ரெண்டு சமையலா, மாப்பிள்ளை?"

அவன் ரொட்டியைப் பிய்த்தான். அம்மா எழுந்து உள்ளே போனதும் மனைவியின் பக்கம் குனிந்து, "டாக்டர் கிட்ட முட்டை சாப்பிடலாமான்னு முதல்ல கேளு. எனக்காகவாவது கேளு" என்று கெஞ்சினான்.

துருவிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் கேட்க நினைத்தது வேறு. ஒரு வாரமாக ஒரே கேள்விதான் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. எண்ணெய் அதிகம் தொடாமல், நன்றாக நடந்து, வேலைக்கும் போய்க்கொண்டிருக்கும் ஒரு உடம்பில் இவ்வளவு கொழுப்பு எங்கிருந்து வந்தது?

* * *

பிரசவ டாக்டர் சீட்டெழுதி அனுப்பிய இதய டாக்டர் குள்ளமான, சுறுசுறுப்பான பெண்மணி. ஸ்டெதஸ்கோப்பின் வட்டத்தை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிவிட்டுத்தான் நெஞ்சில் வைத்தார். பிறகு ஜெல்லைத் தடவி, இதயத்துக்கான ஸ்கேன் கருவியை வைத்துத் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"பாருங்க. உங்க இதயம். இப்போ ரெண்டு பேருக்குச் சேத்து ரத்தம் ஓட்டுது. முன்னைவிட ஓவர்டைம்."

கறுப்பு வெள்ளையில் ஏதோ ஒன்று திறந்து மூடிக்கொண்டிருந்தது. வால்வாம். கண்ணுக்குள் பார்த்துப் பழகியவளுக்குத் தன் நெஞ்சுக்குள்ளேயே பார்ப்பது புதிதாக இருந்தது. எழுந்திருக்க மனமில்லாமல் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

"நல்லா இருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல. மாடி ஏறினா மூச்சு வாங்குதா?"

"கொஞ்சம்."

"அது எல்லாருக்கும் வரும். மல்லாக்கப் படுக்க முடியாம மூச்சு முட்டினா, நெஞ்சு வலிச்சா, கால் மொகம் திடீர்னு வீங்கினா மட்டும் யாரையும் கேக்காம நேரா இங்க வந்துடுங்க."

துருவி எழுந்து உட்கார்ந்தாள். "அப்போ அந்தக் கொலஸ்ட்ரால், டாக்டர்?"

"கர்ப்பத்துல அது ஏறும்மா. ஏறத்தான் வேணும். உள்ளே ஒரு உடம்பையே கட்டிட்டு இருக்கீங்க. ஒவ்வொரு செல்லுக்கும் சுவர் எழுப்ப அது வேணும். நஞ்சுக்கொடி ஹார்மோன் செய்யறதுக்கும் அதுதான் சரக்கு. அதனாலதான் கர்ப்பமா இருக்கறப்ப நாங்க பெரும்பாலும் இதைப் பாக்கறதே இல்ல. பாத்தா எல்லாருக்கும் ஏறித்தான் இருக்கும்."

"அப்போ எனக்கு இருக்கறது சாதாரணமா?"

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். "ஏறினது சாதாரணம். இவ்வளவு ஏறினதுதான் இடிக்குது. கர்ப்பத்தால ஏறினது எவ்வளவு, பிறவியிலேயே இருந்தது எவ்வளவுன்னு இப்போ பிரிச்சுச் சொல்ல முடியாது. குழந்தை பிறந்து கொஞ்ச வாரம் கழிச்சு மறுபடி பாத்தாத்தான் தெரியும். அதுவரைக்கும் அதுக்கான மாத்திரை வழக்கமா கொடுக்கறதில்ல."

"பிறவியிலேயேன்னா?"

அந்தக் கேள்வி டாக்டருக்குப் பிடித்திருந்தது போல. விரல் முட்டிகளைத் திருப்பிப் பார்த்தார். இமையோரத்தை இழுத்துப் பார்த்தார். காலைத் தூக்கச் சொல்லிக் குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாரை அழுத்தினார்.

"என்ன தேடறீங்க?"

"சில குடும்பங்கள்ல கொழுப்பு பிறந்ததிலிருந்தே அதிகமா இருக்கும். வருஷக்கணக்கா சேந்தா வெளியே அடையாளம் தெரியும். இங்க தடிக்கும். கண்ணோரத்துல மஞ்சளாத் திட்டு வரும். கருவிழியைச் சுத்தி..."

"வெள்ளை வளையம்" என்று துருவி முந்திக்கொண்டாள். "தினமும் பாக்கறேன் டாக்டர். வயசானவங்க பாதிப் பேருக்கு இருக்கும்."

"வயசானவங்களுக்கு இருந்தா அது வயசு. நாப்பது வயசு ஆகறதுக்குள்ள இருந்தா அது கேள்வி." டாக்டர் அவள் காலை இறக்கிவிட்டார். "உங்ககிட்ட எதுவும் தெரியல. எல்லாருக்கும் தெரியணும்னும் இல்ல. வீட்டுல யாருக்காவது சின்ன வயசுல மாரடைப்பு?"

"இல்லை."

"அப்பா?"

"எனக்கு மூணு வயசுல போயிட்டார். பெயின்டர். வேலையில ஏணியிலேர்ந்து விழுந்துட்டார்."

"அப்போ அவருக்கு என்ன வயசு?"

"நாப்பதுகூட ஆகல."

டாக்டர் கையில் ஒட்டியிருந்த ஜெல்லைத் துடைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார். "எதனால விழுந்தார்?"

"தெரியல" என்றாள் துருவி.

ஊரில் உள்ளவர்களையெல்லாம் கேள்வி கேட்டே களைக்க வைத்தவள் அவள். அப்பா எப்படிச் சிரிப்பார், என்ன பாட்டுப் பாடுவார், என்ன நிறம் பிடிக்கும் என்று அம்மாவை எத்தனை முறை கேட்டிருப்பாள்! இந்த ஒன்றை மட்டும் கேட்டதே இல்லை. ஏணியிலிருந்து விழுந்தார் என்றால் விழுந்தார். அதற்குப் பின்னால் ஒரு கேள்வி இருக்கும் என்று தோன்றியதே இல்லை.

"கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?" என்றார் டாக்டர்.

"ஒரு அண்ணன். முப்பத்தெட்டு வயசு. நீச்சல் கோச்."

"அவரை அனுப்புங்க. நீங்க குழந்தை பிறக்கற வரைக்கும் காத்திருக்கலாம். அவர் காத்திருக்க வேண்டாம்."

கதவு வரை போனவள் திரும்பினாள். "டாக்டர், முட்டை சாப்பிடலாமா?"

"தாராளமா. எண்ணெயைக் குறைங்க, வெண்ணெயை விடுங்க. பட்டினி மட்டும் கிடக்காதீங்க. யார் உங்களைப் பட்டினி போடறது?"

"எங்கம்மா."

* * *

கடைக்குப் போனதுமே அண்ணனுக்குப் போன் செய்தாள். பரிசோதனை என்ற வார்த்தையை முடிப்பதற்குள் அவன் குறுக்கே விழுந்தான்.

"எனக்கா? என் உடம்புல கொழுப்பு ஒட்ட இடம் ஏது? காலையிலேர்ந்து தண்ணியிலதான் கிடக்கேன்."

இவன் நேர்வழியில் மடங்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். "சரி, அதை விடு. போனை ஒரு முழம் தள்ளி வச்சுப் படிக்கிறியே, போன வாரம் பாத்தேன். கடைக்கு வா. கண்ணைப் பாத்து ஒரு கண்ணாடி தரேன்."

"ஓசியா?"

"ஓசிதான்."

மத்தியானம் வந்துவிட்டான். தலை ஈரம் காயவில்லை. கூடவே குளத்துக் குளோரின் வாசனையும் வந்தது. ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், குளத்தில் கத்தும் பிள்ளைகளே காதுக்குப் போதும் என்பான்.

கடையின் பின்பக்கத்து இருட்டறையில் உட்காரவைத்து லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டாள். "இது தெளிவா இருக்கா, அதுவா?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

"பொய் சொன்னா பூதக்கண்ணாடி மாட்டி அனுப்பிடுவேன்."

விளையாட்டாகவே வேலை போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ஸ்லிட் லேம்ப் கருவியை இழுத்தாள். தாடையை அதன் தாங்கியில் வைத்தால், மெல்லிய கோடாக ஒரு வெளிச்சம் விழியை அறுத்துக் காட்டும். அவளுடைய வயிறு மேசை விளிம்பில் முந்திக்கொண்டு இடித்தது. கொஞ்சம் பக்கவாட்டில் உட்கார்ந்து, கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

வெளிச்சத்தை இன்னும் நெருக்கினாள்.

கருவிழியின் ஓரத்தில், மேலும் கீழும், பாலில் தோய்த்த நூலைப் பிறை பிறையாக வளைத்து வைத்தது போல ஒரு வெள்ளை. வெள்ளை விழிக்கும் அதற்கும் நடுவில் மட்டும் துளி இடைவெளி. இன்னும் கொஞ்சநாள் விட்டால் இரண்டு பிறையும் சேர்ந்து முழு வளையமாகிவிடும். அடுத்த கண்ணைப் பார்த்தாள். அங்கேயும் இருந்தது.

இத்தனை வருஷமும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள், சண்டை போட்டிருக்கிறாள். அண்ணன் முகத்தைப் பார்த்தாளே தவிர, அண்ணன் கண்ணை ஒருநாளும் பார்த்ததில்லை.

"என்ன, கழுகுக் கண்ணுன்னு எழுதிட்டியா?"

"அண்ணா, செருப்பைக் கழட்டிட்டுக் காலைத் தூக்கி இந்த ஸ்டூல் மேல வை."

"கண்ணுக்குக் காலு எதுக்குடி?"

"வையேன்."

வைத்தான். குதிகாலுக்கு மேலே, கயிறு போல இருக்க வேண்டிய இடம் கட்டைவிரல் பருமனுக்குத் தடித்திருந்தது. தொட்டாள். உள்ளே கெட்டியாக, மேடும் பள்ளமுமாக இருந்தது.

"இது எப்போலேர்ந்து இருக்கு?"

"ரொம்ப நாளா. நீச்சலடிச்சு அடிச்சு வந்திருக்கும்."

"தண்ணியில குதிகால் எதுல இடிக்குது?"

அவன் குனிந்து தன் காலையே பார்த்தான். பிறகு சாதாரணமாகச் சொன்னான். "அப்பாவுக்கும் இப்படித்தான் இருக்கும். அதனால ஷூவோட பின்பக்கத்தை மடிச்சு மிதிச்சுட்டுத்தான் போவார். அம்மா திட்டிக்கிட்டே இருப்பா. உனக்கு ஞாபகம் இருக்காது."

துருவி அவன் காலிலிருந்து கையை எடுத்தாள். உள்ளே குழந்தை ஒரு உதை விட்டது. கையை வயிற்றில் வைத்துக்கொண்டே, குரலை மட்டும் மாற்றாமல் கேட்டாள். "அண்ணா, நீந்தறப்ப நெஞ்சுல ஏதாவது பண்ணுதா?"

"இல்லையே."

"என்னைப் பாத்துச் சொல்லு."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டான். சுவரில் இருந்த எழுத்து அட்டையைப் பார்த்தான். அந்த அறையில் பார்க்க வேறு ஒன்றும் இல்லை.

"பட்டர்ஃப்ளை நீச்சல் அடிச்சுக் காட்டறப்ப மட்டும்" என்றான் கடைசியில். "பாதி தூரம் போனதும் யாரோ நெஞ்சுல ஏறி உக்காந்த மாதிரி இருக்கும். நின்னா போயிடும். வாயுன்னு நெனைச்சேன். இப்போல்லாம் நான் இறங்கறதில்ல. கரையிலேர்ந்தே விசிலடிச்சுச் சொல்லித் தந்துடறேன்."

"எவ்வளவு நாளா?"

"கொஞ்ச நாளா."

"இன்னிக்கு வந்துச்சா?"

"இன்னிக்கு... இங்க வர்றதுக்குப் பாலத்துப் படி ஏறினேன் இல்ல, அப்போ."

அவள் போனை எடுத்தாள். டாக்டர் முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "வண்டி ஓட்ட விடாதீங்க. நடத்தியும் கூட்டிட்டு வராதீங்க. நேரா அவசரப் பிரிவுக்கு. நான் சொல்லி வைக்கறேன்."

அடுத்த தெருக் கட்டடத்தில் லிஃப்ட் பழுது பார்த்துக்கொண்டிருந்த கணவன், அவள் கூப்பிட்டதும் கம்பெனி வேனோடு வந்து நின்றான். அண்ணன் அப்போதும் அடங்கவில்லை. "மாப்ள, இவ சொல்றான்னு நீங்களும் வேலையை விட்டுட்டு வர்றீங்களே!"

"ஏறுங்க மச்சான். லிஃப்ட்டே ஓவர்லோடுன்னா மணியடிச்சு நின்னுடும். உங்க நெஞ்சு மணியடிச்சிருக்கு, நீங்க நிக்கல. அவ்வளவுதான் வித்தியாசம்."

அதைக் கேட்டு அண்ணன் சிரித்தான். ஆனால் ஏறி உட்கார்ந்ததும் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டான். பிடி இறுக்கமாக இருந்தது.

* * *

ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் படுக்கவைத்தார்கள். விசிலும் கழுத்துமாக நின்று நாளெல்லாம் அதட்டுகிறவன், சின்னப் பையன் போல நர்ஸ் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினான்.

அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினாள். செருப்பு ஒன்று ஒரு ஜோடி, இன்னொன்று வேறு ஜோடி. மகனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலுக்கு வந்தவனைப் போல.

டாக்டர் வந்தார். "மாரடைப்பு இன்னும் வரல. அது நல்ல செய்தி. ஆனா ரத்தக் குழாய்ல அடைப்பு இருக்குன்னு சந்தேகப்படறேன். நாளைக்குக் காலையில ஆஞ்சியோ பண்ணிப் பாத்துடலாம். மாத்திரை இப்பவே ஆரம்பிச்சாச்சு. கொலஸ்ட்ரால் இவருக்குத் தங்கச்சியைவிட அதிகம். இவர் கர்ப்பமாவும் இல்ல."

அண்ணன் படுத்தபடியே, "அதை நல்லாப் பாத்துட்டீங்களா டாக்டர்?" என்றான்.

யாரும் சிரிக்கும் நிலையில் இல்லை. கணவன் மட்டும் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அவன் ஒல்லிம்மா!" அம்மா கெஞ்சுவது போலச் சொன்னாள். "பொரிச்சதைத் தொடமாட்டான். இவளுக்குக்கூட ஒரு வாரமா வேகவச்சுத்தான் போடறேன். நான் என்ன தப்பா சமைச்சேன்?"

"சமையல்ல தப்பே இல்லம்மா." டாக்டர் அவளை நாற்காலியில் உட்காரவைத்தார். "ரத்தத்துல மிதக்கற கொழுப்பை ஈரல் உள்ளே இழுத்துக்கும். அதுக்குக் கதவு மாதிரி இருக்கு. இவங்களை மாதிரி சிலருக்குப் பிறக்கறப்பவே பாதிக் கதவுதான் வேலை செய்யும். கொழுப்பு வெளியிலேயே தங்கிடும். அப்பா கிட்டேர்ந்தோ அம்மா கிட்டேர்ந்தோ வர்றது அது. ஒவ்வொரு பிள்ளைக்கும் வரவும் செய்யலாம், வராமலும் போகலாம்."

"என் குழந்தைக்கு?" என்று துருவி கேட்டாள்.

"உங்களுக்கு இருக்கான்னே இன்னும் உறுதியாகல. இருந்தா, குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனா தெரிஞ்சு வளர்ற பிள்ளைக்கும் தெரியாம வளர்ற பிள்ளைக்கும் ரொம்ப வித்தியாசம். சரியான வயசுல மாத்திரை ஆரம்பிச்சா மத்தவங்க மாதிரி நீண்ட நாள் வாழலாம்."

துருவி மூச்சை விட்டாள். பயம் இருந்தது. அதைவிட, ஒரு வாரமாகக் குடைந்த கேள்விக்குப் பதில் கண்ணுக்கெதிரே நிற்பதன் வியப்பு பெரிதாக இருந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்டாளே! மடித்து மிதித்த ஷூ போட்டுக்கொண்டு நடந்த ஒருவரிடமிருந்து வந்திருக்கிறது.

"உங்க வீட்டுக்காரர் விழுந்தப்ப கூட யாராவது இருந்தாங்களா?" என்று டாக்டர் அம்மாவைக் கேட்டார்.

அம்மாவின் முகம் இறுகியது. "ஏணி சரியில்ல. அவரோட தம்பி கொண்டுவந்த ஏணி. ஆடற ஏணியில அண்ணனை ஏத்திவிட்டார். அதுக்கப்புறம் அந்த வீட்டுப் பக்கம் நான் தலைவச்சுப் படுக்கல."

வீட்டில் எல்லாருக்கும் பாடமான வாக்கியம் அது. சித்தப்பா என்ற சொல்லை அதனாலேயே யாரும் எடுப்பதில்லை. லிஃப்ட் மெக்கானிக்கான மருமகன்கூட மாமியார் வந்ததிலிருந்து தன் ஏணியை வேனுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தான்.

"ஏணி ஆடலம்மா."

படுக்கையிலிருந்துதான் அந்தக் குரல் வந்தது. எல்லாரும் திரும்பினார்கள்.

"நான் அங்கதான் இருந்தேன். லீவுன்னு அப்பா கூட்டிட்டுப் போயிருந்தார். ஏணியைச் சித்தப்பாதான் ரெண்டு கையாலயும் பிடிச்சிட்டிருந்தார். அது அசையவே இல்ல. அப்பாதான் முதல்ல கையை விட்டார். இப்படி..." ஒயர்கள் இழுக்க, அவன் வலது கையைத் தூக்கி நெஞ்சின் நடுவில் வைத்தான். "இப்படிப் பிடிச்சார். அப்புறம்தான் விழுந்தார்."

"இதை ஏண்ணா என்கிட்ட சொல்லல?" என்றாள் துருவி.

"அன்னிக்கே எல்லார்கிட்டயும் சொன்னேன். குழந்தை மிரண்டு போய் உளறுதுன்னு தண்ணி குடுத்துத் தூங்க வச்சாங்க. ரெண்டு மூணு தடவை சொன்னேன். அப்புறம் விட்டுட்டேன்."

அம்மா எழுந்துபோய் மகனின் தூக்கிய கையை மெல்ல இறக்கிப் படுக்கையில் வைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். "சொன்னே" என்றாள். "எனக்கு ஞாபகம் இருக்கு. நீ சொன்னே."

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அம்மா, அந்தத் தம்பி உயிரோட இருக்காரா? பிள்ளைங்க இருக்காங்களா?"

"இருக்காங்க" என்றாள் துருவி. "மூணு பேர்."

அம்மா திடுக்கிட்டுப் பார்த்தாள். மூன்று என்பது அவளுக்கே தெரியாது. துருவி யார் யாரிடமோ துருவித் தெரிந்துவைத்திருந்தாள்.

"அவங்க எல்லாரும் ரத்தப் பரிசோதனை பண்ணணும். சீக்கிரமா. அவருக்கு இருந்தா அது இவ்வளவு நாள் சும்மா இருந்ததே பெரிசு." டாக்டர் வெளியே போய்விட்டார்.

யார் சொல்வது? அந்தக் கேள்வி வாய்விட்டு வராமலே அறையில் சுற்றியது. கணவன் மனைவியைப் பார்த்தான். அண்ணன் கூரையைப் பார்த்தான். துருவி போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள்.

எண் அவளிடம் இருந்தது. எப்போதோ ஒரு கடைத்தெருவில் சித்தப்பாவின் பெயின்ட் கடைப் பலகையைப் பார்த்துவிட்டு, அம்மா முன்னால் நடக்க, பின்னாலிருந்து படமெடுத்துச் சேர்த்து வைத்தது. ஒருமுறையும் அழைத்ததில்லை. எடுத்தால் என்ன குரல் வரும், அப்பா குரல் போல இருக்குமா என்று மட்டும் அவ்வப்போது நினைத்துக்கொள்வாள்.

மணி போனது. பின்னால் காலடி கேட்டது. ஜோடி சேராத செருப்புகள்.

"ஹலோ?" என்றது போன். வயதான குரல். அதற்குப் பின்னால் டிவியில் யாரோ உரக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "கடை சாத்தியாச்சுங்க. நாளைக்கு வாங்க. ஹலோ, யாரு?"

துருவிக்கு முதல் முறையாக என்ன கேட்பது என்று தெரியவில்லை. சித்தப்பா என்று தொடங்குவதா? நான்தான் என்றால் யாரென்று தெரியுமா?

அம்மாவின் கை நீண்டது. போனைப் பிடுங்கவில்லை. கொடு என்று கேட்பது போல விரல்களை விரித்துக் காத்திருந்தாள். துருவி கொடுத்தாள்.

அம்மா அதைக் காதில் வைத்தாள். தலைப்பைத் தோளில் இழுத்துச் சரிசெய்துகொண்டாள், எதிரில் ஆள் நிற்பது போல.

"தம்பி" என்றாள். மறுபடி ஆரம்பித்தாள். "தம்பி, நான் அண்ணி பேசறேன். வச்சிடாதீங்க."

துருவி அம்மாவின் தோளில் காதைச் சாய்த்துக் கேட்டாள். சிரிப்புச் சத்தம் சட்டென்று நின்றது. யாரோ டிவியை அணைத்திருந்தார்கள்.